தனியா இருக்கிறது

அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நூறு பக்கம், பழுப்பு அட்டை. உள்ளே என் மகளின் கையெழுத்தில் 32 கேள்விகள், 32 பதில்கள், எல்லாமே ஆங்கிலத்தில். கேள்விக்குச் சிவப்பு மை, பதிலுக்கு நீல மை. விடுதிப் பள்ளி நேர்காணலுக்கு என்று இரண்டு மாதம் அதை அவள் மனப்பாடம் செய்தாள். போன வாரம் எங்கள் வங்கிக் கிளையில் கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, தன் மகனுக்கு வேண்டும் என்று அதைக் கேட்டாள். "உன் பொண்ணுக்குத்தான் சீட் கிடைச்சிடுச்சே, அந்த நோட்டைக் கொடேன்" என்றாள். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தினமும் கைப்பையில் வைத்து எடுத்துப் போகிறேன். சாயங்காலம் அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிடுகிறேன்.

சீட் கிடைத்தது உண்மைதான். ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஒரு பருவமும் முடித்துவிட்டாள். ஆனால் அந்த நோட்டில் இருக்கிற ஒரு பதிலைக்கூட அவள் அங்கே சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை மதிய இடைவேளையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் தோழியிடம் விளக்க என்னால் முடியவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு பெங்களூரு அல்சூரில். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடியபோது கிடைத்ததை வாங்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். நான் அரசு வங்கியில் அதிகாரி. மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றல். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார், வருடத்தில் ஒரு மாதம் வருவார். மகள் ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் மூன்று பள்ளிகளைப் பார்த்துவிட்டாள். முதலில் அல்சூரில் ஒன்று, அப்புறம் ஹூப்ளியில் ஒன்று, திரும்பி வந்ததும் அல்சூர்ப் பள்ளியில் இடம் இல்லாததால் இங்கேயே வேறொன்று. அடுத்த மாற்றல் கலபுரகிப் பக்கம் என்று பேச்சு. அப்பாவுக்குச் சுரங்கத் தூசியால் வந்த மூச்சிரைப்பு. அவரையே நான் போகும்போது தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் தம்பி வீட்டில்தான் விட வேண்டும். பத்து வயதுக் குழந்தையை அவர் பொறுப்பில் வைக்க முடியாது. மாற்றல் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியவில்லை. விடுதிப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புதான் பெரிய வாசல். அதைத் தாண்டிவிட்டால் யாராவது காலி செய்தால்தான் இடம். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் நானும் கணவரும் போனில் பேசி முடிவெடுத்தோம்.

பெங்களூரில் விடுதிப் பள்ளி என்று பேச்செடுத்தால் பெற்றோர்கள் ஒரே மூச்சில் நாலைந்து பெயர்களைச் சொல்வார்கள். மதனப்பள்ளிப் பக்கம் ரிஷி வேலி, ஊட்டியில் 1858 முதல் இருக்கும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, கொடைக்கானலில் 1901இல் தொடங்கிய சர்வதேசப் பள்ளி, இங்கே ஓசூர் சாலையிலேயே ராஷ்ட்ரிய ராணுவப் பள்ளி. நாங்கள் போனது நீலகிரியில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம்.

ஹாஸ்டல் என்கிற சொல்

நம் வீடுகளில் ஹாஸ்டல் என்கிற சொல் எப்போது வரும் என்று யோசித்துப் பாருங்கள். "சேட்டை பண்ணினே, ஹாஸ்டல்ல போட்டுடுவேன்." பிள்ளைகள் அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்பதே அப்படித்தான். பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர் என்று போகிற வரிசையில் அதுவும் ஒன்று. "போட்டுடுவேன்" என்றுதான் சொல்கிறோம், "சேர்ப்பேன்" என்று யாரும் சொல்வதில்லை. பரணில் பாத்திரத்தைத் தூக்கிப் போடுவது போல. உறவுக்காரர்களும் அதே மாதிரிதான் பேசினார்கள். "ஒத்தப் பொண்ணு, அதையும் கொண்டுபோய் ஹாஸ்டல்ல போடறியா?" என்று பெரியம்மா கேட்டபோது மகள் பக்கத்து அறையில் இருந்தாள். நான் குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னேன். குரலைத் தாழ்த்திவிட்டால் குழந்தைக்கு எதுவும் தெரியாது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம்.

மகளிடம் என்ன சொன்னேன் என்றால், "மலையில பெரிய ஸ்கூல், குதிரை எல்லாம் இருக்கும், ஜாலியா இருக்கும்" என்றுதான். மாற்றல் பற்றி எதுவும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு எதற்குப் பெரியவர்கள் கவலை என்று நினைத்தேன்.

சனி, ஞாயிறு

கம்மனஹள்ளியில் ஒருவர் இந்த நேர்காணலுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு நவம்பரில் சேர்த்துவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு இரண்டு மணி நேரம். அவரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவரிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ராணுவப் பள்ளிகளுக்குத் தயாராகிறவர்கள். டேராடூனில் 1922 முதல் இருக்கும் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரிக்கு எட்டாம் வகுப்பில் சேர்வதென்றால் ஆங்கிலம் 125, கணிதம் 200, பொது அறிவு 75 என்று எழுத்துத் தேர்வு. அதற்குப் பிறகு 50 மதிப்பெண்ணுக்கு வாய்மொழித் தேர்வு. எழுத்தில் ஒரு மதிப்பெண்ணுக்கு அல்லாடுகிற பையனுக்கு அந்த 50 எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பையன்களுக்குச் சொல்லித்தருவதையே என் மகளுக்கும் சொல்லித்தந்தார். கதவை எத்தனை முறை தட்டுவது, "மே ஐ கம் இன் சார்" என்று எந்தக் குரலில் கேட்பது, நாற்காலியின் முன்பாதியில் எப்படி உட்கார்வது, கையை மடியில் எப்படி வைப்பது.

அவர் அடிக்கடி சொல்லிய ஒன்று, "கண்ணைப் பார்த்துப் பேசு." இதுதான் என் மகளுக்கு வரவே இல்லை. அவர் கேள்வி கேட்டவுடன் தலை தானாகக் குனிந்துவிடும். "கான்ஃபிடென்ஸ் இல்லை மேடம்" என்று என்னிடம் சொன்னார். வண்டியில் திரும்பி வரும்போது எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. தலை குனியச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தானே. பெரியவங்க பேசும்போது மூஞ்சியை மூஞ்சியைப் பார்க்காதே, எதிர்த்துப் பேசாதே, நடுவில் வாயைத் திறக்காதே, உன்னைப் பற்றி நீயே பெருமையாகச் சொல்லாதே. பத்து வருடமாக ஒழுக்கம் என்று சொல்லி வளர்த்த எல்லாவற்றையும் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் கழற்றி வைத்துவிட்டு வா என்று கேட்கிறோம். குழந்தை எதை நம்பும்? அவள் தலை குனிவது பயத்தால் இல்லை, மரியாதையால் என்று அந்த வாத்தியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

நோட்டில் ஏழாவது கேள்வி, "ஏன் விடுதிப் பள்ளியில் சேர விரும்புகிறாய்?" நான் உண்மையான காரணத்தை வாத்தியாரிடம் சொல்லியிருந்தேன். "மாற்றல் என்று சொல்லவே கூடாது மேடம். வேற வழியில்லாம கொண்டுவந்து விடறாங்கன்னு நினைப்பாங்க" என்றார். அவர் எழுதிக்கொடுத்த பதில் இது: "ஐ வான்ட் டு பிகம் இன்டிபென்டென்ட் அண்ட் டிசிப்ளின்ட், சார்." மகள் அதைத் தட்டுத் தடுமாறாமல் சொன்னாள். டிசம்பர் கடைசியில் 32 பதில்களும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் நிம்மதியாக இருந்தேன்.

மொச்சை பிதுக்கிய சாயங்காலம்

ஜனவரி மாதம் பெங்களூரில் மொச்சைக்காலம். தெருவெல்லாம் அந்த வாசனைதான். அப்பாவுக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு என்றால் உயிர். மொச்சையை உரித்து ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரல் நடுவில் வைத்துப் பிதுக்க வேண்டும். பருப்பு துள்ளிக் கிண்ணத்தில் விழும், தோல் கையில் நிற்கும். ஒரு மணி நேரம் பிடிக்கிற வேலை. அதை அப்பா யாருக்கும் தர மாட்டார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவர் கூடத்தில் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தார். நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மகளை எதிரே நிற்கவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவது கேள்வி வந்தது. அவள் ஒப்பித்தாள்.

அப்பாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் புரியும், பேச வராது. கையை நிறுத்தாமலே கேட்டார். "அப்டின்னா இன்னா பாப்பா?"

மகள் என்னைப் பார்த்தாள். நோட்டில் இந்தக் கேள்வி இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இன்டிபென்டென்ட்னா... தனியா இருக்கிறது, தாத்தா" என்றாள்.

"அந்த இன்னொண்ணு? டிசிப்ளினு?"

"திட்டு வாங்காம இருக்கிறது."

அப்பாவின் கை நின்றுவிட்டது. அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "தனியா இருக்கிறதுக்கு இன்னாத்துக்கு பாப்பா ஸ்கூலுக்குப் போவணும்?"

நான் குறுக்கே விழுந்து, சொந்தக் காலில் நிற்பது என்று அர்த்தம் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு மாதமாக வாரத்துக்கு இருபது முறை அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் "நான் தனியாக இருக்க விரும்புகிறேன் சார், திட்டு வாங்காமல் இருக்க விரும்புகிறேன் சார்" என்றுதான் அவளுக்குள் கேட்டிருக்கிறது. அதைத்தான் நான் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் சத்தமாகச் சொல்லு, சிரித்துக்கொண்டே சொல்லு என்று திருத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது மகள் கேட்டாள். "தாத்தா, நீ சுரங்கத்துக்குள்ள தனியாவா போவே?"

"தனியா எவன் வுடுவான்? கூண்டுல கும்பலாத்தான் ஏத்துவாங்க. கீழ ஒருத்தன் கொறஞ்சாலும் தேடிட்டுத்தான் மேல வருவோம்." அப்பா வேலை பார்த்தது சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில். அது பத்தாயிரம் அடிக்கும் மேலே ஆழம் போனது.

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றார் அப்பா, சாதாரணமாக. "மொத ஆறு மாசம் கூண்டு எறங்கும்போது கண்ணை மூடிக்குவேன். பாறை வெடிக்கிற சத்தம் வேற கேக்கும். பக்கத்துல நிக்கிறவன் தோளைப் புடிச்சிக்குவேன்."

"அவங்க திட்ட மாட்டாங்களா?"

"அவன் இன்னொருத்தன் தோளைப் புடிச்சிக்கினு நிப்பான் பாப்பா, எங்க திட்றது?"

மகள் சிரித்தாள். நான் நோட்டை மூடினேன். அப்பாவின் சர்வீஸ் எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியும். எந்த ஷிஃப்டுக்கு எத்தனை மணிக்குச் சங்கு ஊதும் என்று தெரியும். மூடும்போது கையில் எவ்வளவு வந்தது என்று தெரியும். பயமாக இருந்ததா என்று 39 வயது வரை நான் அவரைக் கேட்டதில்லை. என் பத்து வயது மகள் கேட்டாள், அவர் உடனே பதில் சொன்னார். அத்தனை வருடமும் அந்தப் பதில் அவரிடம் தயாராக இருந்திருக்கிறது.

அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு மகளிடம் கேட்டேன். "உன்னை எதுக்கு அந்த ஸ்கூலுக்கு அனுப்பறோம்னு நீ நினைக்கிறே?" ரொம்ப நேரம் பதில் இல்லை, தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "ஹூப்ளில அலமாரிக் கண்ணாடியை உடைச்சேன்ல, அதுக்கு" என்றாள்.

எனக்கு அந்தக் கண்ணாடியே மறந்துபோயிருந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது. பந்து விளையாடி உடைத்துவிட்டாள். கிளையில் வருட முடிவுக் கணக்கு, இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பிய கோபத்தில் நான் என்ன சொன்னேன் என்று அவள்தான் நினைவுபடுத்தினாள். இன்னொரு தடவை உடைச்சே, ஹாஸ்டல்ல போட்டுடுவேன். அதற்கப்புறம் அவள் எதையும் உடைக்கவில்லை. நாலு வருடம் கழித்து வாத்தியார், நோட்டு, நேர்காணல் என்று எல்லாம் வந்ததும், பழைய கணக்கைத்தான் அம்மா தீர்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். யாரிடமும் கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துக் கேட்கக் கூடாதே.

எழுந்து விளக்கைப் போட்டேன். மாற்றல், கலபுரகி, தாத்தாவின் மூச்சு, மஸ்கட்டில் அவள் அப்பாவின் வேலை, ஆறாம் வகுப்பில்தான் இடம் கிடைக்கும் என்பது வரை எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். பேங்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்வது போல வரிசையாகச் சொன்னேன், அப்படித்தான் எனக்கு வரும். அவள் குறுக்கே நிறையக் கேள்விகள் கேட்டாள். கலபுரகியில் வெயில் எவ்வளவு? அங்கே நீ தனியாவா சமைப்பே? தம்பி மாமா வீட்டில் தாத்தாவுக்கு யார் பிதுக்குப் பருப்பு ஊறப்போடுவாங்க? கடைசியில், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றாள். மணி பன்னிரண்டரை.

ஏரிக்கரை

நேர்காணலுக்கு இன்னும் ஐந்தரை வாரம் இருந்தது. கம்மனஹள்ளி வகுப்பை நிறுத்திவிட்டேன். கட்டிய பணம் திரும்ப வராது என்றார்கள், சரி என்றேன். பதிலாக தினமும் சாயங்காலம் வங்கியிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் அல்சூர் ஏரிக்கரையில் நடந்தோம். எனக்கு நானே ஒன்று வைத்துக்கொண்டேன். எனக்குப் பதில் தெரிந்த கேள்வி எதையும் அவளிடம் கேட்பதில்லை.

சொல்வது சுலபம். முதல் நாள் கால் மணி நேரம் நடந்தும் எனக்கு ஒரு கேள்வி கிடைக்கவில்லை. சாப்பிட்டியா, வீட்டுப்பாடம் முடிச்சியா, என்ன மார்க், மிஸ் என்ன சொன்னாங்க. குழந்தைகளிடம் நாம் கேட்பது எல்லாமே இந்த வகைதான். பதில் நமக்கு முன்பே தெரியும், அல்லது என்ன பதில் வர வேண்டும் என்று தெரியும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளும் அப்படியே. எத்தனாவது படிக்கிறே, பெரியவளானா என்ன ஆகப்போறே. டாக்டர் என்று சொன்னால் சமர்த்து என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுக் காபியை எடுத்துக்கொள்வார்கள். பத்து வருடம் இப்படி வளர்ந்த குழந்தை, முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து, உண்மையிலேயே அவளைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு அவர்கள் கேட்கிறார்கள் என்பதை எப்படி நம்பும்? இதுவும் ஏதோ சரியான பதில் இருக்கிற கேள்விதான், அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்றுதான் தேடும். நோட்டு வேலை செய்வது அந்தத் தேடலில்தான்.

மெல்ல மெல்லக் கேள்விகள் கிடைத்தன. உன் வகுப்பில் உனக்குப் பிடிக்காத ஒருத்தரிடம் இருக்கிற நல்ல குணம் என்ன? எப்போ பொய் சொல்லுவே? மூன்று ஸ்கூலில் எதை விட்டு வந்தது ரொம்பக் கஷ்டமா இருந்தது? ஹூப்ளி என்றாள். அங்கே ஒரு தோழி இருந்தாள், அவளுக்குக் கன்னடம் மட்டும்தான், இவளுக்கு அப்போது கன்னடம் வராது, அதனால் இரண்டு பேரும் படம் வரைந்து வரைந்து பேசிக்கொண்டார்களாம். ஆறு மாதம்! நான் அந்த ஊரில் இருந்தேன், அதே வீட்டில் இருந்தேன், எனக்கு இது தெரியாது. இவள் ஏன் எப்போதும் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருக்கிறாள் என்று மட்டும் கோபப்பட்டிருக்கிறேன். நோட்டில் பொழுதுபோக்கு என்ற கேள்விக்கு "ரீடிங் புக்ஸ் அண்ட் கார்டனிங்" என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு துளசிச் செடி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏரிக்கரைப் பக்கம் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் 1991 முதல் 18 வருடம் அதைத் திறக்க முடியாமல் மூடியே வைத்திருந்தார்கள். 2009 ஆகஸ்ட்டில் திறந்தார்கள், அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. அல்சூர்த் தமிழர்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய கதை இல்லை. மகளுக்கு அன்றுதான் சொன்னேன். "18 வருஷமும் உள்ள நின்னுட்டே இருந்தாரா? ஒருத்தர்கூடப் பார்க்கலையா?" என்று கேட்டுவிட்டு, அதைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்த்தாள். உங்கள் ஊரைப் பற்றிச் சொல் என்ற கேள்விக்கு நோட்டில் பெங்களூரின் மக்கள்தொகையும் சிலிக்கான் நகரமும் இருந்தன.

அவளுடைய பயங்களும் ஏரிக்கரையில்தான் வெளியே வந்தன. நான் நினைத்தது போல் என்னைப் பிரிவது அந்தப் பட்டியலில் முதலில் இல்லை. ராத்திரி பாத்ரூம் எவ்வளவு தூரத்தில் இருக்கும்? ஜட்டியை யார் துவைப்பார்கள்? தலை பின்னிவிட யார் இருப்பார்கள்? அவளுக்கு இடுப்பு வரை முடி. வெட்டிவிடலாமா என்றேன், அழுதாள். அப்படியானால் நீயே பின்னக் கற்றுக்கொள் என்று தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நிற்கவைத்தேன். மூன்று வாரத்தில் ஒற்றைப் பின்னல் வந்துவிட்டது, வகிடு மட்டும் கோணும். மாதவிலக்கு பற்றி அவளுக்கு நானே சொன்னேன், அங்கே போய் யாரோ சொல்லித் தெரியக் கூடாது என்று. நேர்காணலுக்கு நான் செய்த தயாரிப்பு என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். துவைக்கவும் பின்னவும் தெரிந்த பிறகு அவள் நடையே மாறிவிட்டது. தலை நிமிர்வதற்குத் தனியாகப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

ஆங்கிலம்? அதையும் செய்தோம். ஆனால் முதலில் தமிழில் பேசிவிட்டு, அதே விஷயத்தை வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பாள். தப்பும் தவறுமாக வந்தது. நான் திருத்தவில்லை. வார்த்தை கிடைக்காவிட்டால் நிறுத்தி, கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம் என்பதை மட்டும் பலமுறை சொன்னேன்.

இப்போது பல பள்ளிகள் நேர்காணல் என்று சொல்வதில்லை, இன்டராக்‌ஷன் என்கிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டிப் பார்க்கும் முறை எதுவும் கூடாது என்கிறது. பெயரை மாற்றினாலும் உள்ளே உட்காரும் குழந்தைக்கு அது பரீட்சைதான். அதைப் பரீட்சையாக இல்லாமல் பேச்சாக ஆக்க வேண்டிய பொறுப்பு முதலில் பள்ளிக்கு. நான் பார்த்த பள்ளியில் அதைச் செய்தார்கள் என்பது எங்கள் அதிர்ஷ்டம். எல்லா இடத்திலும் அப்படி இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த நாள்

பிப்ரவரி மூன்றாவது வாரம். பந்திப்பூர்க் காட்டுப் பாதையை இரவு ஒன்பது மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் முந்தின நாள் காலையிலேயே மைசூர் வழியாகப் பேருந்தில் கிளம்பிவிட்டோம். அப்பாவைத் தம்பி வந்து பார்த்துக்கொண்டான். கூடலூர் தாண்டியதும் மகளுக்கு வாந்தி. லாட்ஜில் இரவு அவள் தூங்கினாள், நான் தூங்கவில்லை.

எங்களைத் தனியாகவும் அவளைத் தனியாகவும் கூப்பிட்டார்கள். கணவர் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் சேர்ந்துகொண்டார். எங்களிடம் கேட்டதில் ஒன்றுதான் நினைவில் நிற்கிறது. "இது யார் எடுத்த முடிவு?" குழந்தை ஆசைப்பட்டாள் என்று சொல்வதுதான் வழக்கம். நாங்கள் எடுத்தது, ஜனவரி வரை அவளுக்குக் காரணம்கூடச் சொல்லவில்லை, சொன்ன பிறகு அவள் இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறாள் என்று சொன்னேன். என்ன நிபந்தனை என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவிடம் பேச வேண்டும். சொந்தக்காரர்களிடம் ஹாஸ்டலில் போட்டுவிட்டோம் என்று சொல்லக் கூடாது, படிக்கப் போயிருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். எதிரே இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கணவர்தான் பேச்சை எடுத்துக்கொண்டார்.

மகள் உள்ளே இருபது நிமிடம் இருந்தாள். வெளியே வந்ததும் அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். மூன்று பேர் இருந்தார்களாம். ஏன் இங்கே என்று கேட்டார்களாம். "அம்மாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்துட்டே இருக்கும், மூணு ஸ்கூல் மாறிட்டேன், இனிமே ஒரே ஃபிரெண்ட்ஸோட பெரிசாகணும்னு சொன்னேன்" என்றாள். வாத்தியார் சொல்லவே கூடாது என்றதை முதல் வாக்கியமாகச் சொல்லியிருக்கிறாள். ஹூப்ளித் தோழி பற்றிப் பேசினாளாம், காகிதம் கேட்டு வாங்கி ஒரு படம்கூட வரைந்து காட்டினாளாம். வள்ளுவர் சிலையைப் பற்றிச் சொன்னாளாம். கணக்கில் ஒன்று கேட்டார்கள், தெரியவில்லை என்று சொன்னாளாம்.

கடைசியில், எங்களிடம் நீ ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு வயதான ஆசிரியை சிறு வயதில் அதே பள்ளியில் படித்தவர் என்று முன்பே சொல்லியிருந்தாராம். அவரைப் பார்த்து இவள், "முதல் நாள் ராத்திரி உங்களுக்குப் பயமா இருந்துச்சா?" என்று கேட்டிருக்கிறாள்.

"அவங்க என்ன சொன்னாங்க?" என்றேன்.

"அது அவங்க எனக்குச் சொன்னதும்மா."

பேருந்தில் மறுபடி ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டாள். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அப்பா தூங்காமல் உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள் நேராக அவரிடம் போனாள், காதில் கையை வைத்து மறைத்துக்கொண்டு என்னவோ சொன்னாள். அப்பா கேட்டுவிட்டு, "ஆமாமா, அப்டித்தான் இருக்கும்" என்றார். நான் இரண்டு பேருக்கும் தோசை வார்க்கப் போனேன்.